இரும்புக்குள் தேங்கும் தண்ணீர்

(யான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கிளைக் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைப் பற்றியும் போனஸைப் பற்றியும் பேசுகிற இந்த மேடையில் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச அனுமதி வேண்டும் என்று நான் கேட்டபோது, செயலாளர் சிரித்தார். "கிராணியார் பட்டறை திறக்கப் போகிறாரோ?" என்றார். நான் பட்டறைக்காரன் அல்லன். இயந்திர சாத்திரம் படித்தவனும் அல்லன். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டுச் செக்ரோல் எழுத வந்தவன். ஆனால் என் அறியாமையால் என் குடும்பத்தில் ஒருவருக்குக் கை ஒடிந்தது. அதைச் சொல்லுகிற கடமை எனக்கு இருக்கிறது. ஆகவே பொறுமையோடு கேட்குமாறு வேண்டுகிறேன்.

லயத்தில் குடியிருந்த காலத்தில் நம் பெற்றோர் பெரட்டுக்கு நடந்து போனார்கள். பால்வாளியைக் காண்டாவில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தார்கள். அவர்களுக்கு உடைந்தால் காண்டா உடையும். வேறொரு கம்பை வெட்டிக்கொள்வார்கள். இன்று நம்மில் பலர் தாமான் வீட்டிலிருந்தும் கம்பத்து வாடகை வீட்டிலிருந்தும் இருட்டோடு கிளம்பி, ஐந்து கல், எட்டுக் கல் தாண்டி வேலைக்குப் போகிறோம். வாளியும் கட்டிப்பால் மூட்டையும் வண்டியின் பின்னால்தான். கப்சாய் நின்றுவிட்டால் அன்றைய பேர் விழாது. கத்தி எப்படித் தொழிற்கருவியோ, அப்படியே இந்த வண்டியும் தொழிற்கருவி. கத்தியைத் தினமும் தீட்டுகிற நாம் வண்டியின் அடியில் குனிந்து பார்க்கிறோமா?

இந்தச் சிறு வண்டியின் மூலம் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட சூப்பர் கப். 2017-க்குள் அந்த ரகத்தில் மட்டும் 10 கோடி வண்டிகள் செய்யப்பட்டுவிட்டன. எளியவர்களுக்காகச் செய்த வண்டி. மெல்லிய இரும்புத் தகட்டை அச்சில் அழுத்தி, இரண்டு பாதிகளாக வளைத்து, ஒன்றோடொன்று பற்றவைத்து அதன் உடற்சட்டத்தைச் செய்தார்கள். இன்று வேறு வேறு கம்பெனிகள் குழாயாலும் தகட்டாலும் செய்கின்றன. எப்படிச் செய்தாலும் உள்ளே வெற்றிடம். மூங்கிலைப் போல. கனமில்லாமலும் பலமாகவும் இருப்பதற்கு அதுவே காரணம். அந்த வெற்றிடத்தில்தான் நம் வம்பும் ஆரம்பமாகிறது.

நடந்ததைச் சொல்லுகிறேன்.

2021 ஆகஸ்டு 18-ஆம் தேதி குனோங் ஜெராய் மலையிலிருந்து வெள்ளம் இறங்கியதை இங்கே மறந்தவர் எவருமில்லை. பாறையும் மரமும் சேறும் ஒன்றாய் உருண்டு வந்தன. தித்தி ஹாயுன் பக்கம் உயிர்களே போயின. அந்த நாளில் என் பழைய கப்சாயும் வீட்டுக்கு முன்னால் இருக்கை வரைக்கும் சேற்றில் கிடந்தது. உயிர் தப்பியதே பெரிது என்று இருந்த நேரம். நான்கு நாள் கழித்து வண்டியை வெளியே இழுத்தேன். எஞ்சின் எண்ணெயை மாற்றினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கார் கழுவுகிற கடையில் அழுத்தத் தண்ணீர் பாய்ச்சிப் பளபளவென்று ஆக்கினேன்.

அப்போது வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தேன். பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கிற இரும்புக் கை இருக்கிறதல்லவா, பட்டறையில் ஸ்விங் ஆர்ம் என்பார்களே, அதன் அடியில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு துளைகள் இருந்தன. அவற்றிலிருந்து சேறு கசிந்து கொண்டிருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தத் துளை வழியாகத்தானே சேறு உள்ளே போயிற்று, இதை அடைத்துவிட்டால் இனிமேல் போகாதல்லவா என்று நினைத்தேன். ஒட்டுப்பாலை உருட்டி, இரண்டு துளையிலும் திணித்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்கு யோசனையும் சொன்னேன்.

பிறகு நான் வேறு வண்டி வாங்கிக்கொண்டு, அந்தக் கப்சாயை என் அக்காவுக்குக் கொடுத்தேன். அக்கா பால்மரம் சீவுகிறவர். மூன்று வருஷம் அந்த வண்டியில் போனார். ஒரு நாள் விடியற்காலை, இருட்டு கலையாத நேரம், செம்மண் சடக்கில் சிறு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியபோது அந்த இரும்புக் கை ஒடிந்தது. சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா அல்லூரில் விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. கத்தி பிடிக்கிற கை.

பட்டறையில் அந்த ஒடிந்த துண்டைப் பார்த்தேன். வெளிப்புறத்தில் பெயிண்ட் அப்படியே இருந்தது. உள்ளே, வெள்ளத்துச் சேறு கல்லாய் இறுகி, அதன் மேல் துரு அப்பளம் அப்பளமாய் அடுக்கியிருந்தது. தகடு வாழைப்பட்டைபோல் மெலிந்து, விரலால் அழுத்தினால் பொடிந்தது. நான் திணித்த ஒட்டுப்பால் மட்டும் சேதமில்லாமல் இருந்தது.

வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்தாகையால் சொக்சோ உண்டு. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகிற பயணத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. மருத்துவ விடுப்புக் காலத்துக்குச் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். அந்த விபத்து அறிக்கையை ஆபீசில் எழுத வேண்டியவன் யார்? நானேதான். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் "வாகனத்தின் பின்பாகம் ஒடிந்தது" என்று எழுதினேன். அதற்குக் காரணம் யார் என்று கேட்கிற கட்டம் அந்தத் தாளில் இல்லை. கட்டு அவிழ்த்த பிறகும் அக்காவின் கை பழையபடி வரவில்லை. சீவும்போது பட்டையைத் தாண்டி மரத்தில் காயம் விழுகிறது, மண்டோர் ஏசுகிறார்.

நிற்க. தண்ணீர் உள்ளே எப்படிப் போகிறது என்பதைப் பார்ப்போம். வெள்ளத்தில் மூழ்கினால்தான் போகும் என்று எண்ணிவிடாதீர்கள்.

இரும்பு வெயிலில் காய்ந்து கை வைக்க முடியாதபடி சுடுகிறது. உள்ளே இருக்கிற காற்றும் சூடேறி விரிந்து, இண்டு இடுக்கு வழியாக வெளியேறுகிறது. மாலையில் மழை கொட்டுகிறது. இரும்பு சடுதியில் குளிர்கிறது. உள்காற்று சுருங்கி, வெளியிலிருந்து ஈரக்காற்றையும், அந்த இடுக்கில் நிற்கிற மழைத் துளியையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்கிறது. வண்டி மூச்சு விடுகிறது என்றே சொல்லலாம். இரவில் அந்த ஈரம் உட்சுவரில் வியர்வையாய்ப் படிந்து, சொட்டி, அடியில் சேர்கிறது. ஒரு நாளில் சில துளிதான். வருஷம் முழுவதும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் கணக்கு நமக்குத் தெரியாததல்ல.

இரும்பு, தண்ணீர், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு. துருவானது தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளிக்கிறது. அது கடற்பஞ்சுபோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, கீழேயுள்ள நல்ல இரும்பையும் தின்னும். தானாக ஒருபோதும் நிற்காது.

யானில் நமக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கிழக்கே மலை, மேற்கே கடல். மலை மழையைத் தருகிறது. கடல் உப்பைத் தருகிறது. உப்பு கலந்த ஈரம் வெறும் ஈரத்தைவிட வேகமாய்த் துருவேற்றும். குவாலா பக்கம் மீன் வாங்கப் போய் வந்தால், மீன் பெட்டியின் தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்று கவனியுங்கள்.

நம் தொழிலிலேயே இருக்கிற வினையையும் சொல்ல வேண்டும். கட்டிப்பால் மூட்டையிலிருந்து ஒழுகுகிறதே ஒரு புளித்த தண்ணீர், அதன் நாற்றம் நமக்குப் பழகிப் போய்விட்டது. ஆனால் அது ஆசிட் கலந்த நீர். நாம் உறைய வைக்க ஊற்றிய பார்மிக் ஆசிட்டும், மூட்டைக்குள் புளித்து உண்டான ஆசிட்டும் அதில் இருக்கின்றன. அது பின்னால் சொட்டி, நேரே ஸ்விங் ஆர்மின் பற்றவைப்பு ஓரங்களில்தான் இறங்குகிறது. பால் கெடாமல் இருக்கப் போடுகிற அமோனியா அவ்வாறல்ல. அது இரும்பை அவ்வளவாகத் தொடாது, பித்தளையையும் செம்பையும்தான் பிடிக்கும். ஆகவே ஆசிட் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு போகிற தோழர்களுக்குத்தான் முதல் எச்சரிக்கை. மூட்டைக்குக் கீழே ஒரு பழைய ரப்பர் பாயையோ பிளாஸ்டிக் தட்டையோ வைத்து, நீர் ஓரமாய் வெளியே விழும்படி செய்யுங்கள். வேலை முடிந்ததும் இரண்டு வாளி நல்ல தண்ணீரை அடிப்பாகத்தில் ஊற்றுங்கள்.

புகைக்குழாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நம்ப முடிகிறதா? நானும் முதலில் நம்பவில்லை. பெட்ரோலில் உள்ள ஐதரசன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்ந்து நீராவியாகிறது. நீண்ட தூரம் ஓடினால் குழாய் சூடேறி, ஆவி முழுதும் வெளியே போய்விடும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று ஓட்டினால் குழாய் சூடாகுமுன்னே அணைத்துவிடுகிறோம். ஆவி உள்ளேயே நீராகித் தங்குகிறது. புகைக்குழாய் அடிப்பக்கத்தில் ஓட்டையாகிற மர்மம் இதுதான். சில வண்டிகளில் அங்கும் ஒரு சிறு வடிதுளை உண்டு. புகை கசிகிறதென்று அதையும் அடைத்துவிடாதீர்கள்.

இதெல்லாம் பழைய வண்டிக்குத்தானே என்று இளைஞர்கள் கேட்கலாம். 2023 ஆகஸ்டில் நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவில், பிரபலமான ஒரு ரக ஸ்கூட்டரின் உடற்சட்டம் துருப்பிடித்து ஒடிந்ததாகப் படங்கள் நாடெங்கும் பரவின. அரசாங்கமே கம்பெனியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. பற்றவைப்பு ஓரத்தில் தெரிகிற மஞ்சள் நிறம் துரு அல்ல, பற்றவைக்கும்போது உண்டாகிற சிலிக்கேட் படிவு என்று கம்பெனி பதில் சொன்னது. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? மஞ்சளாய் இருப்பதெல்லாம் துரு அல்ல என்பது உண்மைதான். ஆனால் அன்று ஆயிரமாயிரம் பேர் முதன்முறையாகத் தங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. நம் நாட்டில் சொந்த மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுச் சோதனை கிடையாது. சாலை வரி புதுப்பிக்கும்போது எவரும் அடியில் விளக்கடித்துப் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பணம் அதிகம் வேண்டாம்.

முதலாவதும் முக்கியமானதும் அந்தத் துளைதான். அது கம்பெனி மறந்துபோய் அடைக்காமல் விட்ட ஓட்டை அல்ல. தண்ணீர் வெளியே போவதற்காகவே வைத்த வழி. பழைய சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை எடுத்து, மாதம் ஒருமுறை அதற்குள் விட்டுச் சுழற்றுங்கள். மண் வரும், சில சமயம் பழுப்புத் தண்ணீரும் வரும். தண்ணீர் வந்தால் பயப்படாதீர்கள், வராமல் உள்ளே நிற்பதே ஆபத்து. வெற்றிடமானது முழுக்க முழுக்க மூடியிருக்க வேண்டும், அல்லது அடியில் திறந்திருக்க வேண்டும். மேலே இடுக்கு வழியாகத் தண்ணீர் வரவும், கீழே வழி இல்லாமலும் இருக்கிற அரைகுறை நிலைதான் எல்லாவற்றிலும் கேடு. நான் செய்தது அதைத்தான்.

துளையே இல்லாத வண்டியானால் நீங்களாகவே துளை போடாதீர்கள். பாரம் தாங்குகிற இரும்பில், அதுவும் பற்றவைத்த இடத்துக்கு அருகில் துளைத்தால், விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். கைப்பிடியின் நுனி, இருக்கைக்கு அடியிலுள்ள ரப்பர் மூடி, ஸ்டாண்டுக் குழாய் இவற்றைப் பாருங்கள். மூடி தொலைந்திருந்தால் புதியது போடுங்கள். இரண்டொரு வெள்ளியில் முடிகிற காரியம்.

அழுத்தத் தண்ணீர் அடிப்பதைப் பற்றி: அது சேற்றை நீக்குகிறது, சந்தேகமில்லை. அதே வேகத்தில் பற்றவைப்பு இடுக்கிலும், கைப்பிடிக் கழுத்திலுள்ள பேரிங்கிலும், சக்கர அச்சிலும் தண்ணீரைத் திணிக்கிறது. வாளியும் துணியும் போதும். கழுவிய உடனே ஓரமாய் நிறுத்திவிடாமல் இரண்டு மூன்று கல் ஓட்டுங்கள். பிறகு நடு ஸ்டாண்டில் சிறிது நேரமாவது நிறுத்துங்கள். எப்போதும் சைடு ஸ்டாண்டில் சாய்த்தே வைத்தால் தண்ணீர் இடப்பக்க மூலையில் ஒதுங்கி, துளைக்கு வராமல் தங்கிவிடும். மழைக்காலத்தில் வேலையில்லாமல் வண்டி நாள்கணக்காய் நிற்கும்போது இது இன்னும் முக்கியம். அது நிற்கிற இடம் புல்லாகவோ ஈர மண்ணாகவோ இருக்க வேண்டாம். பெரட்டுக் களத்தில் கூரைக் கொட்டகை வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்பது தனி விஷயம். அதைச் செயற்குழு பார்த்துக்கொள்ளும்.

உள்ளே எண்ணெய் பூசலாமா? பூசலாம். ஒரு காலத்தில் விமானங்களை இரும்புக் குழாய்களால் கட்டியபோது, குழாய்களுக்குள் ஆளிவிதை எண்ணெயைச் சூடாக ஊற்றிச் சுழற்றி, மிச்சத்தை வடித்துவிடுவார்கள். உள்ளே படிந்த மெல்லிய தோல் துருவைத் தடுக்கும். நமக்கு அவ்வளவு வேண்டாம். காருக்கு உட்புறம் அடிக்கிற மெழுகு ஸ்பிரே உதிரிப்பாகக் கடையில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் புது எஞ்சின் எண்ணெய் இரண்டு மூடி போதும். ஆனால் முதலில் உள்ளே நன்றாய்க் காய வேண்டும். ஈரத்தின் மேல் எண்ணெய் ஊற்றுவது ஈரத்தைப் போர்வை போட்டு மூடுவதாகும். நல்ல வெயில் நாள் இரண்டு பார்த்துச் செய்து, வண்டியை இப்படியும் அப்படியும் சாய்த்து, இரவெல்லாம் வடியவிடுங்கள்.

கழித்த எஞ்சின் எண்ணெயைச் சும்மா கிடைக்கிறதே என்று ஊற்றாதீர்கள். எரிந்த கசடும் ஆசிட்டும் அதில் இருக்கின்றன. கைத்தோலுக்கும் கெடுதி, வடிந்தால் மண்ணுக்கும் கெடுதி. சென்ற வாரம் ஒரு தோழர் சமையல் எண்ணெய் ஆகாதா என்று கேட்டார். ஆகாது, சிக்கேறிப் புளித்துப் போகும். எண்ணெய் பின் பிரேக் டிரம்முக்குள் ஒரு சொட்டும் இறங்கக் கூடாது. அப்புறம் பிரேக் பிடிக்காமல் வேறு விபத்துக்கு அறிக்கை எழுத வேண்டி வரும். ஸ்விங் ஆர்ம் சட்டத்தோடு சேருகிற இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். நம் மரத்துப் பாலில் பிறந்த ரப்பருக்கு எண்ணெய் பகை. பட்டால் ஊதிப் பருத்து மெத்தென்று ஆகிவிடும். அந்த இடத்தில் படாமல் துணியால் மறைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் பூசினால் ஏற்கெனவே தின்ற இரும்பு திரும்பி வருமா? வராது. ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முதலில் சோதித்துப் பாருங்கள். சிறு ஸ்பானரால் நெடுக மெல்லத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். தின்ற இடம் தகரடப்பாவில் மண் நிரப்பித் தட்டியதுபோல் மொத்தென்று இருக்கும். பற்றவைப்பு ஓரம், துளையைச் சுற்றி, அச்சு நுழைகிற இடம் இவற்றில் பெயிண்ட் கொப்புளித்திருக்கிறதா, தலைமுடி போன்ற கோடு தெரிகிறதா என்று பாருங்கள். கொப்புளத்தை ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் அன்றோடு அந்த வண்டியை ஓட்டாதீர்கள். மேலே ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்துக் கொடுங்கள் என்று பட்டறைக்காரரைக் கெஞ்சாதீர்கள். மெலிந்த தகட்டின்மேல் பற்றவைத்தால் ஒட்டுக்குப் பக்கத்தில் மறுபடி கிழியும். ஸ்விங் ஆர்மை முழுதாய் மாற்றிவிடுங்கள். நான்கு நாள் பேர் போனால் எவ்வளவு, ஆறு வாரம் கை கட்டிக் கிடந்தால் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். செக்ரோல் எழுதுகிறவன் சொல்கிறேன், அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம்.

நான் முன்னே இரண்டு பேருக்கு ஒட்டுப்பால் யோசனை சொன்னேன் என்றேனல்லவா? அதில் ஒருவரின் வண்டியைத் தேடிப் போய்த் துளையைத் திறந்துவிட்டேன். அரைக் குவளை பழுப்புத் தண்ணீர் கொட்டியது. இரும்பு இன்னும் கணீரென்றே பேசுகிறது. மற்றவர் தோட்டம் மாறிப் போய்விட்டார். குருண் பக்கம் என்கிறார்கள். சகோதரர்களில் எவரேனும் வெள்ளத்துக்குப் பிறகு என் பேச்சைக் கேட்டோ, வேறு எவர் பேச்சைக் கேட்டோ அந்தத் துளையை அடைத்தவரைக் கண்டால், தயவுசெய்து இன்றே சொல்லிவிடுங்கள்.

கூட்டம் முடிந்ததும் மண்டப வாசலில் நிற்பேன். பையில் நான்கு சைக்கிள் கம்பியும் ஒரு டார்ச் லைட்டும் இருக்கின்றன. மழை தூறுகிறது, ஆனாலும் கூரைக்குக் கீழே ஆறேழு வண்டி நிறுத்தலாம். கட்டிப்பால் மூட்டை ஏற்றுகிறவர்களின் வண்டி முதலில் வரட்டும்.